சிவப்புக் கோட்டில் பள்ளம்

பெங்களூரு
19 ஜனவரி 2025

திருமதி காவேரி அவர்களுக்கு,

உங்கள் போனை வனத்துறையினர் எடுத்துப் போய்விட்டதாக எதிர்மேட்டு சிவக்குமார் சொன்னார். யானைகளைக் கண்காணிக்கும் எங்கள் அலுவலகத்திலும் இந்த விஷயத்தை யாரும் போனில் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் கடிதம். வேறு யார் கையில் கிடைத்தாலும் விளங்க வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுகிறேன்.

மொட்டவாலன் யானையின் கழுத்தில் நாங்கள் போட்டிருந்த பட்டை ஓயாமல் ரேடியோத் துடிப்பை அனுப்பிக்கொண்டிருக்கும். யானை காட்டைவிட்டு இறங்கினால், உங்கள் மாடியில் நான் பொருத்திய ரிசீவர் அந்தத் துடிப்பைக் கேட்டு மணி அடிக்கும். வனக்காவலர்களுக்கும் செய்தி போகும். அவர்கள் வந்து யானையைத் திருப்பிவிடுவார்கள். போன வருஷம் முழுக்க அப்படித்தான் நடந்தது.

பொங்கலுக்கு முந்தின வாரம், உங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் வெங்கடாசலத்தின் கேழ்வரகுக் காட்டில், கள்ளத்தனமாகக் கரண்ட் கொடுத்த கம்பியில் சிக்கி மொட்டவாலன் செத்துக் கிடந்தான். அவன் உங்கள் பக்கமாக நகர்ந்ததை சிவக்குமார் வீட்டு ரிசீவர் தூரத்திலிருந்தே கேட்டிருக்கிறது. பக்கத்திலேயே இருந்த உங்கள் ரிசீவருக்குக் கேட்கவில்லை.

அந்தக் காட்டை வாரத்துக்கு உழுதது உங்கள் தம்பி வீரமணி என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அவருக்கும் உங்களுக்கும் ஒரே மாடி.

ரிசீவரை யாராவது அணைத்தார்களா? யாராவது திறந்தார்களா? உங்களுக்குத் தெரிந்ததை எழுத்தில் தெரிவிக்கவும்.

பிளசி

*

ஏரிமேடு, பாலக்கோடு வழி
25 ஜனவரி 2025

பிளசி மேடத்துக்கு,

"திருமதி காவேரி அவர்களுக்கு" என்பதைப் படித்ததும் கோர்ட்டிலிருந்து ஏதோ வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டேன். கடைசிவரை படித்தபோது அப்படித்தான் இருந்தது.

பெட்டியை யாரும் அணைக்கவில்லை. தினமும் பொழுது சாயும்போது மாடிக்குப் போய்ப் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது என் வேலை. நீங்கள் சொல்லிக் கொடுத்ததுதான். யானை செத்த அன்றைக்கும் பார்த்தேன். எரிந்தது. விளக்கு எரிந்தும் பெட்டி பேசவில்லை என்றால் அதை நான் கேட்கணுமா, நீங்கள் கேட்கணுமா?

வெங்கடாசலம் மாமாவைப் பிடித்துப் போய்விட்டார்கள். பட்டா அவர் பெயரில் இருக்கிறது. வாரத்துக்கு விட்டதற்கு எழுத்து எதுவும் இல்லை. அவர் சம்சாரம் பெரியம்மாள் எங்கள் வாசலில் நின்று, கம்பி கட்டினது வீரமணிதான் என்று மண்ணை வாரித் தூற்றினாள். வீரமணி சாமி படத்தின் மேல் கை வைத்து இல்லை என்று சொல்லியிருக்கிறான். கூடப்பிறந்தவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது? என் வீட்டுக்காரர் லாரியில் போனால் மாதம் ஒருமுறைதான் வீடு திரும்புகிறார். இத்தனை வருஷமும் ஆபத்து அவசரத்துக்கு நின்றவன் அவன்தான்.

அந்தப் பெட்டியைக் கழற்றி எறியச் சொல்கிறான். "அது நம்ம வூட்டு மேல இருக்கற வரைக்கும் நமக்குத்தான் வில்லங்கம். நாளைக்கி அவங்க எத வேணும்னாலும் எழுதிக்குவாங்க" என்கிறான். நான் கழற்றவில்லை. உங்கள் ஆட்கள் வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டேன். நானும் கூட இருந்து பார்க்காமல் அதை யாரும் திறக்கக் கூடாது.

இன்னொன்று. விசாரணைக்கு வந்தவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே "பெட்டிய எப்ப ஆஃப் பண்ணுனீங்க" என்பதுதான். அப்படிக் கேட்கச் சொல்லிக் கொடுத்தது யார்?

காவேரி

*

பெங்களூரு
1 பிப்ரவரி 2025

அன்புள்ள காவேரி அக்கா,

முதல் கடிதத்தை அந்த மாதிரி எழுதியிருக்கக் கூடாது. மன்னிக்கவும்.

பெட்டியை யாரும் உங்களிடமிருந்து எடுக்க வேண்டாம். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இத்துடன் கூரியரில் இரண்டு சாமான்கள் வருகின்றன. ஒன்று தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் வேலை இரைச்சல் போடுவது மட்டும்தான். சேனல் வராத பழைய டிவியில் உஸ்ஸென்று ஒரு சத்தம் வருமே, அதைப்போல. மற்றது லேப்டாப்பில் செருகும் குச்சி. போன தடவை உங்கள் லேப்டாப்பில் நான் ஏற்றிக் கொடுத்த புரோகிராம் அப்படியே இருக்கும்.

ரிசீவருக்குள் பித்தளைத் திருகு மூன்று வைத்த டப்பா ஒன்று இருக்கிறது. அதுதான் பில்டர். டவர், எஃப்எம், வாக்கி டாக்கி என்று காற்றில் ஆயிரம் அலை. அத்தனையையும் வெளியே நிறுத்திவிட்டு யானைப் பட்டையின் அலையை மட்டும் உள்ளே விடுவது அதன் வேலை. ஆன்டெனா வயரைக் கழற்றிவிட்டு, பில்டரின் ஒரு பக்கம் இரைச்சல் பெட்டியையும் மறுபக்கம் குச்சியையும் மாட்டுங்கள். இரைச்சலில் எல்லா அலையும் சம அளவில் கலந்திருக்கும். பில்டர் எதை விடுகிறதோ அது மட்டும் திரையில் மேடாக எழும்பி நிற்கும். நடுவில் நான் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். யானைப் பட்டையின் இடம் அதுதான். மேடு கோட்டின் மேல் நின்றால் பில்டர் சரியாக இருக்கிறது. விலகி நின்றால் பெட்டிக்குக் காது கேட்காது, பச்சை விளக்கு எரிந்தாலும்.

திருகுகளைத் தொட வேண்டாம். திரையில் தெரிவதை அப்படியே ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள், போதும். மாடியில் நல்ல வெயில். சூட்டில் பில்டர் நகர்வது உண்டு. அப்படி இருந்தால் யார் மேலும் குற்றம் இல்லை.

அன்புடன்
பிளசி

*

ஏரிமேடு
10 பிப்ரவரி 2025

பிளசிக்கு,

கூரியர் வந்தது. வீரமணி பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி ஏற்றிப் போயிருந்த காலை நேரத்தில் மாடியில் உட்கார்ந்து மாட்டிப் பார்த்தேன். அவன் இல்லாத நேரமாகப் பார்த்து ஏன் செய்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

படம் வரைந்து வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்ன மேடு எதுவும் வரவில்லை. இடது ஓரத்தில் திட்டுப் போல ஒன்று, வலது பக்கம் சின்னதாக ஒரு முண்டு. இரண்டுக்கும் நடுவில், உங்கள் சிவப்புக் கோடு இருக்கும் இடத்தில், பள்ளம். வயரைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினேன். அப்போதும் அதேதான். கண்ணால் பார்த்தது அவ்வளவுதான்.

அப்படியென்றால் பெட்டிக்குக் காது கேட்கவில்லை. சரி. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், சூட்டில் நகரும் என்று. வெயிலாகத்தான் இருக்கும். மாடியில் மத்தியானம் கால் வைக்க முடியாது.

இதை வைத்து வெங்கடாசலம் மாமாவை வெளியே கொண்டுவர வழி இருந்தால் சொல்லுங்கள். பெரியம்மாள் இப்போதெல்லாம் சத்தம் போடுவதில்லை. குழாயடியில் என்னைக் கண்டால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறாள். அதற்கு அவள் திட்டினதே தேவலை.

காவேரி

*

பெங்களூரு
15 பிப்ரவரி 2025

அக்கா,

உங்கள் படம் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. ஒளிக்காமல் வரைந்திருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தை ஒளித்து எழுதியிருக்கிறீர்கள்.

சூடு பட்டால் மேடு மொத்தமாக ஒரு பக்கம் கொஞ்சம் நகரும். இரண்டாக உடையாது. நடுவில் பள்ளம் விழ வேண்டுமென்றால் யாராவது ஸ்பேனர் வைத்துத் திருகியிருக்க வேண்டும். சிவக்குமார் வீட்டு மாடியிலும் இதே வெயில்தான். அந்தப் பெட்டியை ஜனவரியிலேயே சோதித்துவிட்டேன். மேடு கோட்டின் மேல் நிற்கிறது.

உங்கள் பெட்டி தனக்குக் கேட்கும் இரைச்சலின் அளவை மணிக்கொரு முறை எங்கள் கம்ப்யூட்டருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். டிசம்பரில் ஒருநாள் காலை அந்த அளவு ஒரே அடியாக விழுந்திருக்கிறது. பிறகு எழும்பவே இல்லை. உங்களுக்குக் கூரியர் அனுப்பும் முன்பே இது எனக்குத் தெரியும். வெயில் என்று எழுதினால் அதை நீங்கள் பிடித்துக்கொள்கிறீர்களா என்று பார்க்கத்தான் அப்படி எழுதினேன்.

யாராவது திருகினால் தெரிய வேண்டும் என்று திருகுத் தலைகளில் நான் சிவப்புப் பெயிண்ட் வைத்து மூடியிருந்தேன். டப்பாவுக்கு இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தவர் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. பார்க்கவில்லையா, பார்த்தும் எழுதவில்லையா?

யார் திருகினது என்று உங்களுக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். எப்போதிலிருந்து தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

பிளசி

*

ஏரிமேடு
25 பிப்ரவரி 2025

பிளசி,

உன் கடிதம் வந்ததிலிருந்து நடந்ததைச் சொல்கிறேன். இனி மேடம் என்றெல்லாம் எனக்கு எழுத வராது.

பெயிண்டைப் பார்த்தேன். ஒரு திருகில் நீ வைத்த சிவப்பு, பழசாகி மங்கிப்போய் இருந்தது. மற்ற இரண்டிலும் புதுசாக ரோஸ் கலர், மினுமினுவென்று. நெயில் பாலிஷ். எங்கள் இரண்டு வீட்டிலும் அதைப் போடுகிறவள் வீரமணியின் சம்சாரம் சுகுணா மட்டும்தான். உனக்கு எழுதும்போது அந்த ஒரு வரிக்கு மட்டும் கை வரவில்லை. வெயில் என்று நீ ஒரு வழி காட்டியிருந்தாய். அதில் இறங்கிவிட்டேன். அது எனக்காக வெட்டின குழி என்று அப்போது தெரியாது.

உன் கடைசிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே அவனைக் கூப்பிட்டேன். சாமி படத்துக்கு முன்னால் நிற்க வேண்டாம், என் முகத்தைப் பார்த்துச் சொல் என்றேன். பிறகு சொன்னான்.

"யான சாவும்னு நெனக்கலக்கா. சுள்ளுனு ஒருக்கா பட்டா ஓடிரும்னு நெனச்சேன். மணி அடிச்சா பாரஸ்ட் கார்டுங்க நம்ம காட்டுக்குள்ள வந்துருவாங்க. கம்பியப் பாத்துருவாங்க. அதுக்குத்தான் நவுத்துனேன்."

"மாமா உள்ள இருக்கறாரே. அதுக்கு என்ன நெனச்ச?"

கீழே உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். மோட்டார் ரூமிலிருந்து கம்பி இழுத்தது, ஐடிஐயில் படித்த வேலை, பில்டர் என்றால் என்னவென்று அவனுக்கே தெரிந்திருந்தது, எல்லாவற்றையும் சொன்னான். சுகுணாவுக்குத் தெரியாமல் அவள் பாட்டிலை எடுத்தானாம். அதை நான் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை.

வக்கீலைப் பார்த்தோம். தானே போய் ஒப்புக்கொண்டால் கோர்ட்டு அதைக் கணக்கில் எடுக்கும் என்றார். திங்கட்கிழமை நானும் அவனும் போவதாகப் பேச்சு. பெரியம்மாளிடம் மட்டும் ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை ஜீப் வந்தது. இறங்கினவர் கையில் நான் வரைந்த படத்தின் ஜெராக்ஸ். அதில் என் கையெழுத்து. பெட்டிக்குள்ளிருந்த பில்டரை மூட்டை கட்டி சீல் வைத்தார்கள். அந்தச் சமயத்தில் வீரமணி கொல்லைப்பக்கமாக இறங்கி ஓடிவிட்டான். இன்றுவரை ஆளைக் காணோம். சுகுணா என்னைப் பார்த்து, "கூடப் பொறந்தவளே படம் வரஞ்சு காட்டிக் குடுத்துட்டா" என்றாள். தெரு முழுக்கக் கேட்டது.

திங்கட்கிழமை தானாகப் போயிருக்க வேண்டியவன் இப்போது ஓடிப்போனவன்.

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டிருந்தாய். முன்னமே தெரிந்து மறைக்க நினைத்திருந்தால் அந்த மேட்டைக் கோட்டின் மேல் நிற்பதுபோல வரைந்து அனுப்ப எனக்குத் தெரியாதா? பென்சில் என் கையில்தான் இருந்தது. இதைக்கூட யோசிக்காமலா பெங்களூரில் உட்கார்ந்து வேலை செய்கிறாய்?

எனக்கும் ஒரு கேள்வி உண்டு. டிசம்பரிலேயே அந்த அளவு விழுந்தது என்றால், ஜனவரியில் யானை செத்த பிறகுதான் யாராவது பார்த்தீர்களா? டிசம்பரில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீயே சொல்.

காவேரி

*

பெங்களூரு
4 மார்ச் 2025

அக்கா,

கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. தினமும் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

படத்தை விசாரணை அதிகாரியிடம் கொடுத்தது நான்தான். அலுவலகம் சொல்லிச் செய்யவில்லை. பெயிண்டைப் பற்றி நீங்கள் எழுதாததைப் பார்த்ததும், அடுத்த கடிதத்துக்குள் பில்டர் மாடியில் இருக்காது என்று முடிவு கட்டிவிட்டேன். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் தம்பிக்குச் சொல்லிவிடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போகத் தயாராக இருந்தீர்கள் என்பது என் கணக்கிலேயே வரவில்லை.

டிசம்பரைப் பற்றிக் கேட்டீர்கள். யாரும் பார்க்கவில்லை. அளவுகள் வந்து சேர்ந்தபடி இருந்தன. அவற்றைத் தினமும் திறந்து பார்க்கும் வேலை என்று யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. யானை செத்த மறுநாள்தான் திறந்தேன். திறந்ததும் எனக்கு முதலில் தோன்றியது பயம் என்று சொன்னால் பொய். கோபம்தான் வந்தது, உங்கள் மேல். எங்கள் பக்கம் பார்ப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

இதை அப்படியே எழுத்தில் அதிகாரியிடம் கொடுத்திருக்கிறேன். சோதனையை நீங்களாகச் செய்தீர்கள், உள்ளதை உள்ளபடி வரைந்தீர்கள், ஜீப் வருவதற்கு முன்பே தம்பியைக் கொண்டுபோய் விட ஏற்பாடு செய்திருந்தீர்கள் என்றும், வக்கீலைப் பார்த்ததையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். அது என் பாடு.

மொட்டவாலன் கூட்டத்தில் பட்டை போட்ட பெண் யானை இன்னும் ஒன்று இருக்கிறது. கேழ்வரகு முடிந்தாலும் தக்காளிக்கும் தண்ணீருக்கும் அது இறங்கும். உங்கள் மேட்டில் ரிசீவர் இல்லாவிட்டால் ஆட்களுக்கு ஆபத்து. புதிய பில்டர் ஒன்று அனுப்புகிறேன். டியூன் செய்யாதது. இரைச்சல் பெட்டி உங்களிடம் இருக்கிறது. முதல் திருகைத் திருப்பித் திட்டைக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள், பிறகு மூன்றாவது, கடைசியாக நடுத்திருகு. மூன்றும் ஒன்று சேர்ந்தால் மேடு தலை தட்டையாகி நிற்கும். அதற்குமேல் திருப்பக் கூடாது. நான் வந்து செய்யலாம்தான். நான் வருவதை நீங்கள் விரும்புவீர்களா என்று தெரியவில்லை.

வேண்டாம் என்றால் பார்சலைத் திருப்பி அனுப்புங்கள்.

பிளசி

*

ஏரிமேடு
6 ஏப்ரல் 2025

பிளசி,

பார்சலைத் திருப்பி அனுப்பவில்லை. பதில் எழுதத்தான் இத்தனை நாள் ஆகிவிட்டது.

வீரமணி ஆனேக்கல் பக்கத்தில் சுகுணாவின் சொந்தக்காரர் வீட்டில் இருந்திருக்கிறான். நானே போனேன். திட்டவில்லை. மாமா இன்னும் உள்ளேதான் இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். கூடவே பஸ் ஏறினான். தர்மபுரியில் வக்கீலோடு போய் ஆஜரானான். ஓடிப்போனதையும் எழுதிக்கொண்டார்கள். அதிகாரியிடம் நீ எழுதிக் கொடுத்ததை வக்கீல் காட்டினார். இரண்டையும் கோர்ட்டு பார்த்துக்கொள்ளும் என்றார்கள். ஜாமீன் இப்போதைக்குக் கிடைக்காது. சுகுணா அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

வெங்கடாசலம் மாமா வந்துவிட்டார். இளைத்துவிட்டார். வந்த அன்றைக்கே நானும் என் வீட்டுக்காரரும் போனோம். மாமா உட்காரச் சொன்னார். பெரியம்மாள் அடுப்படியைவிட்டு வரவில்லை.

பில்டரை அவர்கள் வாசலில் வைத்துத்தான் டியூன் செய்தேன். அதை நான் எங்கள் மாடியில் தனியாக உட்கார்ந்து செய்தால் இந்த ஊரில் இனி யார் நம்புவார்கள்? லேப்டாப்பைக் கட்டில் மேல் வைத்து, நடப்பதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே திருப்பினேன். முதலில் திட்டு திட்டாக மூன்று இடத்தில் இருந்தது. நடுத்திருகைத் திருப்பத் திருப்ப அவை நெருங்கி வந்து சேர்ந்து, மேடு கோட்டின் மேல் தலை தட்டையாக நின்றது. அதற்குள் பெரியம்மாள் நிலைப்படியில் வந்து நின்றிருந்தாள்.

"இது நடுவுல நின்னா யான வர்றது கேக்குமா?" என்று கேட்டாள்.

கேட்கும் என்றேன்.

"அப்ப மார்கழி மாசம் இது நடுவுல நின்னுருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். திருகுத் தலைகளுக்குப் பெயிண்ட் வைக்க எடுத்தபோது, கொடு என்று கை நீட்டி வாங்கி அவளே மூன்றுக்கும் வைத்தாள்.

பிறகு சொன்னாள்: "பொட்டி இனி எங்க மாடியில இருக்கட்டும். உங்க வூட்டுல வேண்டாம்."

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். எங்கள் மாடியிலிருந்து கம்பத்தையும் ஆன்டெனாவையும் நானே இறக்கி, என் வீட்டுக்காரர் ஒரு பக்கம் பிடிக்க, அவர்கள் மாடியில் ஏற்றிக் கட்டினோம். இரைச்சல் பெட்டியையும் குச்சியையும் அவளிடமே கொடுத்துவிட்டேன். மாமா பழைய லேப்டாப் ஒன்று வாங்கியிருக்கிறார். எப்படி மாட்டுவது, மேடு எங்கே நிற்க வேண்டும் என்று பெரியம்மாளுக்குக் காட்டிக் கொடுத்தேன். நான் சொல்வது சரிதானா என்று சிவக்குமாரையும் கூப்பிட்டு ஒருமுறை கேட்டுக்கொண்டாள். உன் கம்ப்யூட்டருக்கு வரும் அளவை இனி தினமும் யாராவது பார்க்கிறார்களா என்று எழுது. எனக்காக இல்லை. அவள் கேட்கச் சொன்னாள்.

நீ வரலாமா என்று கேட்டிருந்தாய். உன்மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. கடத்தூரில் உன் அம்மா இன்னாசியம்மாளைப் பார்க்க வரும்போது இங்கேயும் வா. ஆறினதா இல்லையா என்று நேரில்தான் தெரியும்.

நேற்றுப் பொழுது சாயும் நேரத்தில் அவர்கள் மாடியில் மணி அடித்தது. பெண் யானை ஏரிப்பக்கம் இறங்கியிருக்கிறது. மாமா போனில் கார்டுகளுக்குச் சொன்னார். தெருவில் மற்ற வீடுகளுக்குச் சத்தம் போட்டுச் சொன்னார்கள். எங்கள் வீட்டுக்குப் பெரியம்மாளே நடந்து வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று, "யான எறங்கிருக்குது, காட்டுப் பக்கம் போவாத" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காவேரி